வீடு முழுக்க ஒரே பாட்டுச் சேமிப்பு: நாஸ் வாங்கணுமா, கிடக்கிற டிஸ்க்கே போதுமா?

திருமங்கலத்துல இருந்து ஒருத்தர் கேட்டது: "கீழ் வீட்டுல அப்பா அம்மா, நடு மாடியில நாங்க, மேல அண்ணன் குடும்பம். ஆளுக்கொரு பென்டிரைவ், ஆளுக்கொரு ஹார்டு டிஸ்க். ஒரே பாட்டு நாலு இடத்துல கிடக்கு. ரெண்டு டிஸ்க் போடுற நாஸ் (நெட்வொர்க் வழியா எல்லாரும் பகிர்ற டிஸ்க் பெட்டி) ஒண்ணு வாங்கி ரவுட்டர்ல சொருகிட்டா வேலை முடிஞ்சதுதானே? எந்த மாடல்னு மட்டும் சொல்லுங்க."

2024 மார்ச் 9, சனி இரவு

முடியாது. டிஸ்க் ஒரு இடத்துக்கு வந்துரும், பாட்டு வராது. எங்க வீட்டுலயும் இதே கூத்துதான் ஓடுது. மாடல் பேர் சொல்றதை விட, செய்யச் செய்ய இங்கயே எழுதிப் போடுறேன்.

நான் சிசிடிவி மாட்டுற ஆளு. அப்பா மேலூர் பக்கம் மைக்செட் வச்சிருந்தவர். குழாயும் ஆம்ப்ளிஃபயரும் கைமாறிப் போச்சு, கேசட் மட்டும் தகரப் பெட்டிகள்ல தங்கிருச்சு. அது போக என் சிடி, அண்ணன் காலேஜ் நாள்ல சேர்த்த எம்பி3, மதினி ஃபோன்ல இருக்கிற சாமி பாட்டு.

முதல்ல இடக்கணக்கு. சிடியில இருக்கிறது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், நொடிக்கு 1,411 கிலோபிட். ஃப்ளாக்ங்கிற ஃபைல் வடிவத்துக்கு மாத்தினா ஒரு துளி தரம் குறையாம ஒரு சிடி 300 எம்பி பக்கம் வந்து நிக்கும். சி-90 கேசட்டை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்ல சுருக்காத வேவ் ஃபைலா இழுத்தா 1.5 ஜிபி. இருநூறு கேசட் இருந்தாலும் 300 ஜிபிதான் ஆகுது. இதுக்கு எட்டு டிபி பெட்டி எதுக்கு? ஆனா அதே இருநூறும் ஓடி முடிய 300 மணி நேரம் ஆகும். கேசட்டை நல்ல தரத்துல கம்ப்யூட்டருக்கு இழுக்க ஃபாஸ்ட் காப்பி உதவாது, பாட்டு ஓடுற நேரம் ஓடித்தான் ஆகணும். பட்ஜெட் போடுறதா இருந்தா காசுக்குப் போடாதீங்க, நேரத்துக்குப் போடுங்க.

மார்ச் 10

"டிவிஆர்ல கழட்டின 2 டிபி டிஸ்க் சும்மா கிடக்கு, போடலாமா?"

ஸ்மார்ட், அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறிச்சு வைக்கிற பட்டியல், அதைப் பாத்துட்டுப் போடுங்க. ஒரு வருஷம் நிக்காம ஓடினா 8,760 மணி. கேமராவுக்கு ஓடின டிஸ்க் ராத்திரி பகலா எழுதிக்கிட்டே இருந்தது, 40,000 மணி காட்டினா ஆச்சரியப்படாதீங்க. மணியை விட 5ஆம் வரிசையும் 197ஆம் வரிசையும்தான் முக்கியம். முதலாவது, கெட்டுப் போய் வேற இடத்துக்கு மாத்தின செக்டார். ரெண்டாவது, படிக்க வராம முடிவு தெரியாம நிக்கிற செக்டார். ரெண்டுல எது பூஜ்யமா இல்லைன்னாலும் திரும்பக் கிடைக்காத கேசட்டை அதுல ஏத்தாதீங்க.

ரெண்டு டிஸ்க்கை ரெய்டு 1 (ஒண்ணுல எழுதுறதை அப்படியே மத்ததுலயும் எழுதுற முறை) போட்டா பேக்கப் ஆயிரும்னு என் கஸ்டமர் பாதிப் பேர் நினைக்கிறாங்க. ஒரு டிஸ்க் செத்தா மத்தது ஓடும், அம்புட்டுத்தான். தப்பா ஒரு ஃபோல்டரை அழிச்சா ரெண்டுலயும் அதே நொடியில அழியும். எனக்கு ஒரு டிஸ்க் ஓடினாப் போதும், இன்னொண்ணு பீரோவுக்குள்ள இருக்கட்டும்.

மார்ச் 16

நாஸ் வாங்கலை. ராஸ்பெர்ரி பை 4ங்கிற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் ஒண்ணு (இனி சுருக்கமா பை) ஒரு வேலைக்கு வாங்கி மிச்சம் இருந்தது, அதோட 1 டிபி எஸ்எஸ்டி. பை 4 வந்தது 2019ல. அதுலதான் யுஎஸ்பி 3ம் முழு கிகாபிட் நெட்வொர்க்கும் வந்துச்சு. பை 3ல நெட்வொர்க்கும் யுஎஸ்பியும் ஒரே யுஎஸ்பி 2 வழியில நெருக்கியடிச்சுப் போகணும். பாட்டு கேக்க அதுவும் போதும்தான், ஏத்துறப்பதான் உயிர் போகும்.

கரண்டு: ரெண்டு டிஸ்க் நாஸ் 20 வாட்டுன்னு வச்சாலும் ரெண்டு மாசத்துக்கு 29 யூனிட். 2024ல நமக்கு ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதுல கால்வாசிக்கு மேல இதுவே தின்னுரும். பையும் எஸ்எஸ்டியும் 6 வாட்டுன்னா 9 யூனிட் கூட வராது. அம்மாகிட்ட இந்தக் கணக்கைச் சொன்ன பிறகுதான் ராத்திரி பிளக்கைப் புடுங்குறதை நிறுத்துனாங்க.

மார்ச் 24, ஞாயிறு

கேபிள். இது என் தொழில், கொஞ்சம் நீளமா எழுதுவேன்.

காப்பி பண்றப்ப வேகம் 11 எம்பியில வந்து குத்துக்கல்லா நின்னா டிஸ்க்கைத் திட்டாதீங்க. அது 100 மெகாபிட் இணைப்பு. காரணம் மூணு இருக்கலாம். ரவுட்டர்ல ஒரு ஓட்டை மட்டும் கிகாபிட், மத்தது 100. இல்லைன்னா உள்ள எட்டு கம்பில நாலை மட்டும் ஜாக்குல ஏத்தி, மீதி நாலை லேண்ட்லைனுக்கோ காலிங் பெல்லுக்கோ எடுத்திருப்பாங்க. கிகாபிட்டுக்கு எட்டும் வேணும். மூணாவதுதான் நம்ம ஊர்ல அதிகம்: கேபிளே செம்பு இல்ல, செம்பு முலாம் பூசின அலுமினியம். டப்பா மேல கேட்-6னு கொட்டை எழுத்துல இருக்கும். ஒரு கம்பியை பிளேடால சுரண்டுங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா ஆட்டம் முடிஞ்சது. டப்பாவைத் தூக்குறப்பவே கை சொல்லிரும், செம்பு கனக்கும்.

300 ஜிபியை 100 மெகாபிட்ல ஏத்த ஏழு மணி நேரத்துக்கு மேல ஆகும், கிகாபிட்ல முக்கால் மணி.

மார்ச் 25

நேத்து கேபிளுக்கு இவ்வளவு எழுதினதைப் படிச்சுட்டு ஒரு தம்பி வீட்டுச் சுவரை உடைக்கப் போறேங்கிறார். உடைக்காதீங்க. அந்த வேகம் ஏத்துற அன்னைக்கு மட்டும்தான். சிடி தரத்துல ஃப்ளாக் ஓட நொடிக்கு ஒரு மெகாபிட் பக்கம் போதும். வீட்டுல பத்துப் பேர் பத்துப் பாட்டு கேட்டாலும் பத்து மெகாபிட். பழைய வைஃபையே தாங்கும். முதல் தடவை மட்டும் எஸ்எஸ்டியை நேரா கம்ப்யூட்டர்ல மாட்டி ஏத்திட்டு, அப்புறம் ரவுட்டர்கிட்ட கொண்டு போய் வைங்க.

ஏப்ரல் 6

மென்பொருள். நெட்வொர்க்ல ஃபோல்டரைப் பகிர்ற சாம்பாவுல ஒரு பொதுப் பகிர்வு, அது மேல ஃபோனுக்குப் பாட்டு அனுப்புற நாவிட்ரோம். ஜெல்லிபினும் பாத்தேன், சினிமாவும் சேத்துப் பாக்குற வீட்டுக்கு அது சரி. பாட்டுக்கு மட்டும்னா நாவிட்ரோம் இலகு, பையில மூச்சு வாங்காம ஓடுது. சப்சானிக் மொழி பேசுற எந்த ஆப்பும் அதோட ஒட்டும், அதனால ஆளுக்கொரு ஆப் பிடிச்சுக்கலாம்.

சாம்பாவுல எழுதுற உரிமை ஒரே ஒரு ஆளுக்குத்தான். மத்தவங்களுக்கு படிக்கிறது மட்டும். இதுக்கு அண்ணன் "என் வீட்டுலயே எனக்கு உரிமை இல்லையா?"ன்னு ஒரு நாள் முழுக்க மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டார். நெட்வொர்க் வழியா அழிச்சா விண்டோஸ் குப்பைத்தொட்டிக்குப் போகாது, நேரா காலிதான். சாம்பாவுல குப்பைத்தொட்டிக்குன்னு தனியா ஒரு மாட்யூல் இருக்கு, அதைப் போட்டு வச்சேன். அவருக்கு "வரவு"ன்னு தனி ஃபோல்டர், என்னத்த வேணா கொட்டிக்கலாம், நான் பாத்து உள்ள எடுப்பேன்.

ஏப்ரல் 6, இன்னொண்ணு

கீழ இருக்கிற பழைய ஹோம் தியேட்டர் பகிர்வைக் கண்டுக்கவே மாட்டேங்குது. அதுக்கு எஸ்எம்பி 1ங்கிற பழைய பகிர்வு முறை மட்டும்தான் தெரியும். சாம்பா 2019லயே அதை இயல்பா மூடி வச்சிருச்சு, விண்டோஸ் 10 அதுக்கும் முன்னாடி 2017 கடைசியில. அந்த வருஷம் வான்னாகிரை வைரஸ் உலகம் பூரா புகுந்தது இந்த ஓட்டை வழியாத்தான். "திறந்து விட்டா ஓடிரும்"னு யூடியூப்ல சொல்லுவாங்க, திறக்காதீங்க. ஹோம் தியேட்டருக்குப் பின்னாடி ஒரு ஆண்ட்ராய்டு பெட்டியை மாட்டினேன், தீந்தது. ஹால் டிவி நெட்வொர்க்ல இருந்து பாட்டு எடுக்குற டிஎல்என்ஏவுல தமிழ் எழுத்து பூரா கட்டம் கட்டமா வந்த வியாதியும் அதோடயே போயிருச்சு, ஆண்ட்ராய்டுல தமிழ் எழுத்துரு உள்ளயே இருக்கு.

ஏப்ரல் 14, ஞாயிறு

புத்தாண்டு, வேலை இல்ல. அப்பாவுக்கு டேப்லெட்ல ஆப் போட்டுக் கொடுத்தேன். ஆர்ட்டிஸ்ட், ஆல்பம், ஜான்ரா (பாட்டு வகை), வருஷம்னு வரிசையா நிக்குது. மேலயும் கீழயும் தள்ளிப் பாத்துட்டு, "கல்யாணம் எங்கடா இருக்கு?"ன்னார்.

எந்தப் படம்ப்பான்னு கேட்டேன்.

"படமா? கல்யாணம்டா. மாப்பிள்ளை அழைப்புக்குப் போடுறது, தாலி கட்டுறப்ப போடுறது, பந்திக்குப் போடுறது."

தகரப் பெட்டியத் திறந்து பாத்தா அப்படித்தான் அடுக்கி வச்சிருக்கார். கேசட் முதுகுல ஸ்கெட்ச் பேனாவால நம்பர், பெட்டி மூடிக்கு உள்பக்கம் பட்டியல். கல்யாணம், சடங்கு, காதுகுத்து, கோயில், பொங்கல், கேதம் (சாவு வீடு). மைக்செட்காரருக்கு பாடினவர் யாரு, படம் என்னங்கிறதெல்லாம் ரெண்டாம் பட்சம். குழாய் கட்டி முடிச்சதும் பிள்ளையார், அப்புறம் முருகன், அம்மன், அதுக்கப்புறம்தான் சினிமா. ராத்திரி பத்து மணிக்கு யாராவது வந்து "அந்தப் பாட்டைப் போடுண்ணே"ன்னா, 37ஆம் நம்பர் பி சைடுன்னு கை தானா போகும்.

நான் ரெண்டு வாரமா படம் வாரியா, இசையமைப்பாளர் வாரியா ஒவ்வொரு ஃபைலுக்குள்ளயும் டேக் (விவரக் குறிப்பு) போட்டுக்கிட்டிருக்கேன். வீட்டுல அப்படித் தேடுறது நான் ஒருத்தன்தான். மதினி தேடுறது கிழமை வாரியா: செவ்வாய் முருகன், வெள்ளி அம்மன், சனி பெருமாள். அண்ணன் தேடுறது "எட்டாவது படிக்கிறப்ப வந்த பாட்டு".

ஏப்ரல் 15

ராத்திரி யோசிச்சதுல இப்படி முடிவு பண்ணேன். ஃபோல்டர் படம் வாரியாவே இருக்கட்டும். ஜான்ரா கட்டத்துல ராக், பாப்னு எழுதணும்னு சட்டமா இருக்கு? கல்யாணம், பந்தி, அம்மன், வெள்ளி எல்லாம் அங்க. ஒரு ஃப்ளாக் ஃபைல்ல எத்தனை ஜான்ரா வேணாலும் போடலாம். அண்ணனுக்கு வருஷம் இருக்கவே இருக்கு.

கேசட் வரிசைக்கு எம்3யூ பிளேலிஸ்ட். "37-ஏ", "37-பி"ன்னு பேர். நாவிட்ரோம் அதைத் தானா எடுத்துக்குது. பாட்டோட வழியை முழுசா எழுதாம, அந்த பிளேலிஸ்ட் இருக்கிற இடத்துல இருந்து எழுதுங்க. நாளைக்கு டிஸ்க் மாறினாலும் உடையாது. அந்தக் காலத்துல ரெக்கார்டிங் சென்டர்ல பட்டியல் கொடுத்துப் பதிவு பண்ணி வாங்கின கேசட்டுக்கும் இதே வைத்தியம். ஒரு கேசட்டுல பன்னெண்டு படம் இருக்கும், அதை ஆல்பம்னு போட்டா மென்பொருளுக்குப் பைத்தியம் பிடிக்கும்.

ஏப்ரல் 27

அழகர் ஆத்துல எறங்குறது 23ஆம் தேதி, அதுக்கு முன்னாடி பின்னாடி கேமரா வேலை. இதைத் தொடவே இல்ல.

ஒரு சங்கதி மட்டும். மதினி காலையில ஏழு மணிக்கு ஷஃபிள் போட்டிருக்காங்க. மூணாவது பாட்டா கேதத்துக்குப் போடுற பாட்டு வந்திருச்சு, அதுவும் ஆண்ட்ராய்டு பெட்டி வழியா முழுச் சத்தத்துல. பால்காரர் வாசல்ல சைக்கிளை நிறுத்தி, "பெரியவருக்கு என்ன ஆச்சு?"ன்னு கேக்குறார். பெரியவர் உள்ள இட்லி சாப்பிட்டுக்கிட்டிருக்கார்.

ஸ்மார்ட் பிளேலிஸ்ட்ல "ஜான்ரா கேதமா இல்லாதது"ன்னு ஒரு விதி எழுதி, "எல்லாம் கலந்து"ன்னு பேர் வச்சாச்சு. ஷஃபிள் இனி அதுல மட்டும்.

மே 5

அக்னி நட்சத்திரம் நேத்து பிறந்துச்சு. பையை மாடிப் படிக்குக் கீழ, காத்து வர்ற இடத்துல இறக்கி வச்சிருக்கேன். பரண்ல வைக்கலாமான்னு கேட்டவருக்கு: பெரும்பாலான 3.5 இன்ச் டிஸ்க்குக்குத் தயாரிப்பாளர் சொல்ற எல்லை 60 டிகிரி. நம்ம ஊர் வெயில்ல தளத்துக்குக் கீழ இருக்கிற பரண்ல டிஸ்க் சும்மா இருந்தாலே அதுல முக்கால்வாசிக்கு வந்துரும். பல்லித் தொல்லை வேற. டிவிஆர் சப்ளைக்குள்ள பல்லி போய் ஷார்ட் ஆனதை எத்தனை வீட்டுல பாத்திருக்கேன்!

ரவுட்டருக்கு விக்கிற 12 வோல்ட், 2 ஆம்பியர் குட்டி யுபிஎஸ்ஸை ரெண்டு டிஸ்க் நாஸுக்கு மாட்டாதீங்க. 3.5 இன்ச் டிஸ்க் சுத்த ஆரம்பிக்கிறப்ப ஒண்ணுக்கே 2 ஆம்பியர் பக்கம் இழுக்கும். ரெண்டு சேந்து எந்திரிக்கிறப்ப அது படுத்துரும். மாதாந்திரப் பராமரிப்புன்னு பகல் பூரா கரண்டு போற அன்னைக்கு நான் முன்கூட்டியே முறையா அணைச்சிருவேன்.

மே 19

தமிழ்ல பேர் வைக்கிறவங்க மட்டும் படிச்சாப் போதும்.

ஒண்ணு. விண்டோஸ்ல நல்லா இருந்த ஃபைல், பையில ஏத்துறப்ப "பேர் நீளம்"னு அடம் பிடிக்கும். பையில ஓடுற லினக்ஸ்ல பேருக்கு 255 பைட். இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரு பைட், தமிழுக்கு மூணு, அதுலயும் புள்ளியும் கொம்பும் தனித்தனியா எண்ணப்படும். ஆக மொத்தம் 85தான். பல்லவி, படம், பாடினவங்க எல்லாத்தையும் பேர்லயே எழுதுற அண்ணன் மாதிரி ஆட்களுக்கு இது பத்தாது. பேர்ல பல்லவி மட்டும், மீதி டேக்குக்கு.

ரெண்டு. அக்கா வீட்டுக்காரரோட பழைய மேக் டிஸ்க்ல இருந்து இழுத்த பிறகு "கோயில்" ரெண்டு ஃபோல்டர் ஆயிருச்சு. "பொங்கல்" ரெண்டு. "கல்யாணம்" மட்டும் ஒண்ணு. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அந்தப் பழைய மேக் ஃபைல் முறை ஒகர, ஓகார உயிர்மெய்யை கொம்பு தனி, கால் தனின்னு பிரிச்சு எழுதும், மத்தது சேத்து எழுதும். லினக்ஸுக்கு ரெண்டும் வேற வேற பேர். கல்யாணத்துல கொம்பும் காலும் சேந்து வர்ற எழுத்து இல்ல, தப்பிச்சது. கன்வ்எம்வின்னு ஒரு கருவி, ஃபோல்டரைக் காட்டினா எல்லாத்தையும் சேத்த வடிவுக்கு மாத்திரும். முதல்ல சோதனை ஓட்டம்தான் காட்டும், பாத்துட்டு ஓட விடலாம்.

மூணு. இதுக்குக் கருவி கிடையாது. நம்மூர்க்காரர் டி.எம்.எஸ் பேர்ல வர்ற "சௌ"வை பாதிப் பேர் கொம்பு, ச, அப்புறம் ள-ன்னு அடிச்சிருக்காங்க. பாக்க ஒண்ணு மாதிரியே இருக்கும், ஆனா அது நிஜ ளகரம், எந்தச் சேர்ப்பும் வேலை செய்யாது. எங்க சேமிப்புல அவர் ரெண்டு ஆளா இருந்தார். எம்பி3டேக்ங்கிற டேக் திருத்துற மென்பொருள்ல தேடி மாத்துற வேலைதான். புள்ளிக்கப்புறம் இடைவெளி விட்டது, விடாததுன்னு எம்.எஸ். அம்மாவும் மூணு பேரா இருந்தாங்க. இங்கிலீஷ்ல போனா இன்னும் மோசம், இளையராஜாவுக்கு ஆளுக்கொரு ஸ்பெல்லிங். நான் பாடினவர் பேரைத் தமிழ்ல, ஒரே மாதிரி, ஒரு பக்கத்துல எழுதி மானிட்டர்ல ஒட்டிட்டேன்.

ஜூன் 2

கோயம்புத்தூர்ல இருக்கிற அக்காவுக்கும் வேணுமாம். ரவுட்டர்ல வெளிமுகவரி 100ல ஆரம்பிச்சு, அடுத்த எண் 64க்கும் 127க்கும் நடுவுல இருந்தா, இன்டர்நெட் கம்பெனி உங்களைப் பல வீட்டோட சேத்து ஒரே முகவரிக்குப் பின்னாடி வச்சிருக்குன்னு அர்த்தம். வெளிய இருந்து உள்ள வர ரவுட்டர்ல போர்ட் திறந்து பிரயோஜனம் இல்ல. நம்ம கருவிகளுக்குள்ள தனி வழி போட்டுத் தர்ற டெய்ல்ஸ்கேல் போட்டேன். அதுவும் அதே 100 வரிசையிலதான் நம்பர் கொடுக்குது, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. வெளிய போறப்ப நாவிட்ரோம் ஓபஸா சுருக்கி அனுப்புது, ஃபோன் டேட்டாவுக்கு அது போதும்.

ஜூன் 23, ஞாயிறு

கடைசியா வச்சிருந்த பெட்டி. ஸ்பெஷல் நாடகம். ஊர்த் திருவிழாவுல விடிய விடிய நடக்கும், மைக் அப்பாவோடது, அதனால ஆம்ப்ளிஃபயர்ல இருந்தே வயர் இழுத்து கேசட்டுல பிடிச்சு வச்சிருக்கார். ஆர்மோனியம், பபூன், ராஜபார்ட் பாட்டு எல்லாம் இருக்கு. "எல்லாம்தான் ஆப்ல கிடைக்குதே"ன்னு இங்க ரெண்டு பேர் எழுதியிருந்தாங்க. இது எந்த ஆப்லயும் இல்ல. நான் இந்த வேலையை எடுத்ததே இதுக்குத்தான்னு இப்பத் தோணுது.

டெக்குல போட்டா சத்தம் கம்பளிக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருந்துச்சு. கேசட் தேஞ்சிருச்சுன்னு நினைச்சேன். அப்பா சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, ஓடிக்கிட்டிருக்கிறப்பவே ஹெட்டுக்குப் பக்கத்துல இருக்கிற திருகை ஒரு மயிரிழை திருப்பினார். ஜால்ரா "கிண்"ணுன்னு வெளிய வந்துச்சு. பதிவு பண்ணின டெக்குல ஹெட் எந்தச் சாய்வுல இருந்துச்சோ, ஓட்டுறதுலயும் அந்தச் சாய்வு வேணும். டேப்பை மோனோவா ஓட்டி, ஜால்ரா எங்க கூர்மையா கேக்குதோ அங்க நிறுத்தணும். கேசட்டுக்குக் கேசட் இது மாறும். ஒண்ணுல டேப்பை ஹெட்டோட அழுத்துற ஃபெல்ட் துண்டு உதிர்ந்து போயிருந்தது, வெத்து கேசட்ல இருந்து பேத்து ஒட்டினோம்.

ஒரு நாடகம் ஆறு சைடு, எட்டு சைடுன்னு போகும். இதை எம்பி3 ஆக்காதீங்க. எம்பி3 தலையிலயும் வால்லயும் துளி வெறுமையைச் சேக்கும், பாட்டு நடுவுல சைடு மாறுற இடத்துல தடுக்கும். ஃப்ளாக்ல அது இல்ல. ஆனா கேசட்டைத் திருப்பிப் போட்ட அந்தச் சில நொடி எதுலயும் இல்லவே இல்ல. அங்க சத்தத்தைக் குறைச்சு ஏத்தி மறைச்சிரலாம்னேன். அப்பா ஒத்துக்கலை. "நாடகம் பாத்தவனுக்குத் தெரியும்டா, அங்க என்ன போச்சுன்னு. அப்படியே விடு." விட்டுட்டேன். ஜான்ராவுல நாடகம், ஆர்ட்டிஸ்ட் கட்டத்துல ஊர்ப் பேர்.

ஜூன் 24

பேக்கப் கேட்டவருக்கு: பீரோ டிஸ்க்ல மாசம் ஒரு தடவை ஏத்துறேன், இன்னொரு நகல் அக்கா வர்றப்ப போறப்ப கோயம்புத்தூருக்குப் போகுது. ஃப்ளாக் ஃபைலுக்குள்ள அதோட சத்தத்துக்கான எம்டி5 கையெழுத்து இருக்கு. ஏத்தின பிறகு சோதனை ஓட்டினா எது கெட்டுப்போச்சுன்னு அதுவே காட்டிரும். எம்பி3ல அந்த வசதி இல்ல.

டெக்குக்கு பெல்ட் தேடிக்கிட்டிருக்கேன். இருந்தது பிசுபிசுன்னு கரைஞ்சு புல்லில ஒட்டிக்கிச்சு, ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு வச்சிருக்கேன். டவுன்ஹால் ரோட்டுல கேட்ட இடத்துல எல்லாம் சைஸ் பெருசாத்தான் இருக்கு. யார்கிட்டயாவது சின்னது இருந்தா எழுதுங்க, இன்னும் ஒன்றரைப் பெட்டி பாக்கி.